"இரவல்" என்று எழுதியிருந்த முடி

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த உங்கள் கையில் இந்த மலரைத் தருகிறோம். முதற்பக்கத்தில் தேவாரம், அடுத்ததில் அண்ணையின் படம். இந்தப் பக்கத்தை மட்டும் நான் கோபத்தோடு எழுதுகிறேன். நினைவு மலரில் கோபம் அழகில்லை என்று அச்சுக்கு முன் வாசித்த உறவினர் ஒருவர் சொன்னார். அழகு பார்க்கிற நிலையில் நான் இல்லை.

எங்கள் அண்ணை நெல்லியடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், தோட்டம் செய்த ஐயாவின் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தது அக்கா, கடைசி நான். ஐயா வேளைக்கே காலமாகிவிட, அண்ணை படிப்பை விட்டுத் தபாற்காரரானார். எங்கள் இருவரையும் படிப்பித்தார். அக்காவுக்குக் கலியாணம் செய்துவைத்தார். தான் செய்யவில்லை. கேட்டால், "வாறவள் உந்தச் சாமானுகளையுமெல்லோ கட்டவேணும்" என்று சிரிப்பார்.

அவை கூத்துச் சாமான்கள். கடிதம் கொடுக்கப்போன வீடொன்றில், பொய்க்கால் குதிரையின் மரத்தலையில் ஆட்டுக்குக் குழை கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம். அதிலிருந்து தொடங்கியது. பிறகு உடுக்கு, மரவாள், செதுக்கிய காவடி, கண்ணாடித்துண்டு பதித்த அரச முடி என்று கூடம் நிறைந்தது. ஊர் அவரைப் "பழஞ்சாமான் தபாற்காரன்" என்றது. அப்படிச் சொல்லிச் சிரித்தவர்கள் சிலர் செத்தவீட்டில் ஒலிவாங்கி பிடித்து அவருடைய பெருமை பேசினார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பொருளையும் அண்ணை விலைக்கு வாங்கவில்லை. தகப்பன் போட்டு ஆடிய முடியை விற்க ஆருக்கும் மனம் வராது. வீட்டில் வைத்தாலோ கறையான் தின்னும். "இரவலாத் தாங்கோ, கேக்கிற நேரம் தருவன்" என்பார். ஒவ்வொன்றிலும் சிறு கடதாசி மட்டை கட்டி, உரியவரின் பெயரும் ஊரும் எழுதி, கீழே "இரவல்" என்று எழுதுவார். குருநகர் மரியதாஸ் வருடாவருடம் கோயில் பெருநாள் கூத்துக்கு வந்து தன் தகப்பனின் முடியை எடுத்துப்போவார். ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து தருவார்.

போரில் இடம்பெயர்ந்தபோது எல்லாரும் நகையையும் காணி உறுதியையும் எடுக்க, அண்ணை அந்த முடியைத் தான் உடுக்கும் சாரத்தால் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்கடையெண்டால் விட்டிட்டு வந்திருப்பன் அம்மா. இது மற்றவையின்ரை."

பழம்பொருள் வியாபாரி ஒருவர் வெளியூரிலிருந்து வருடக்கணக்காக வந்து கேட்டுப் பார்த்தார். அண்ணை அவரைப் படலைக்கு உள்ளே விட்டதில்லை. "இரவல் பொருளை ஆரும் விப்பினமே? நீர் போம்" என்பார்.

சிறுநீரகம் பழுதாகி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அப்போதும் சாமான்களுக்குத் தூசி தட்டினாயா என்று என்னைக் கேட்டபடிதான். பிறகு போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல்நாள் மரணப் பதிவுக்காக வெளியே போய்வந்தேன். கூடம் வெறுமையாகக் கிடந்தது. அக்கா விளக்குமாறோடு நின்றார்.

"எங்கை அக்கா சாமானெல்லாம்?"

"எல்லாத்திலையும் இரவல் எண்டு எழுதிக் கிடக்கடி. செத்தவரை இரவலோடை அனுப்பேலுமே? ஒருத்தர் வான் பிடிச்சுக்கொண்டு வந்தவர். உரியவையிட்டைத் தான் குடுக்கிறன் எண்டார். ஏத்திவிட்டம்."

"ஆர் அவர்?"

"அண்ணையைத் தெரியுமாம். கனகாலமாப் படலையடிக்கு வந்து போறவராம்."

அண்ணையின் ஆத்துமா கடன்பட்டுப் போகக்கூடாது என்றுதான் அக்கா செய்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் ஆறவில்லை. ஏற்றிவிடக் கைகொடுத்த ஆறேழு பேரைக் கேட்கிறேன்: "இரவல்" என்பதை வாசித்த உங்களுக்கு, அதற்கு மேலே இருந்த பெயரும் ஊரும் கண்ணில் படவில்லையா? குருநகருக்கு பஸ் ஓடவில்லையா? அந்த வியாபாரி எங்கள் வீட்டில் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு இனி மரியாதை வைத்து எழுத என் கை வரவில்லை. விசாரித்துப் பார்த்தேன், ஒரு வீட்டிலும் அவன் ஒன்றையும் கொடுக்கவில்லை. அன்றைக்கென்று வெளியே போன என் புத்தியையும் செருப்பால் அடிக்கவேண்டும்.

போன கிழமை மரியதாஸ் வந்தார்.

"துக்க வீட்டிலை கேக்கக்கூடாது தங்கச்சி. பெருநாள் வருது. அப்பான்ரை முடி..."

நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். வெறுங்கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"அண்ணை இருந்திருந்தால் தந்திருப்பார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணையைப் பராமரித்த தாதிமாருக்கும், அடுப்பெரியாத எங்கள் வீட்டுக்கு எட்டு நாளும் சோறு தந்த அயலவருக்கும், தோள் கொடுத்துச் சுடலைவரை வந்தவர்களுக்கும் மனம் நிறைந்த நன்றி. சாமான்களை அந்த வானில் ஏற்றிவிட்டவர்களுக்கு என்னிடம் நன்றி இல்லை.

இரவல் தந்தவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பெயர்களெல்லாம் அண்ணை குறித்துவைத்த கொப்பியில் இருக்கின்றன. ஒவ்வொரு வீடாக வருவேன், வெறுங்கையோடுதான் வருவேன். ஏசுங்கள், நின்று கேட்பேன். இன்று ஐயர் கிரியையை முடித்துவிட்டார், நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போவீர்கள். கடைசி வீட்டில் மன்னிப்புக் கேட்கும்வரை, அண்ணைக்கு அந்தியேட்டி முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

தங்கை