ஆணியில் ஒரு கட்டம்போட்ட சட்டை

ராட்சதத் தொட்டிகள் உள்ள அந்த ரசாயன ஆலையில், உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு முகங்கள் அவ்வளவாகப் பிடிபடாது. நீலச் சீருடையும் முகமூடியும் மாட்டிவிட்டால் பெற்ற தாயே திணற வேண்டியதுதான். ஆனால் ஆணியில் தொங்கும் வீட்டுத்துணியைக் காட்டினால் ஆளைச் சொல்லிவிடுவாள். காலர் நைந்திருந்தால் பிள்ளைகுட்டிக்காரன், இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தால் புதுமாப்பிள்ளை. பத்தொன்பது வருஷத்துக் கெட்டிக்காரத்தனம் அது.

அன்று மதியம் முதல் ஷிப்ட் கிளம்பிப் போன பிறகும் ஒரு கட்டம்போட்ட சட்டை ஆணியிலேயே தொங்கியது. அவள் தம்பியுடையது. தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டுகிற வேலை அவனுக்கு. உள்ளே மயங்கி விழுந்தால் மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

மேஸ்திரியிடம் ஓடினாள். உள்ளே போனவர்கள் முப்பத்திரண்டு பேர், கூடையில் விழுந்த சீருடையும் முப்பத்திரண்டு என்று அவர் நோட்டைத் தட்டிக் காட்டினார். அங்கே ஆளை எண்ணுகிற வழக்கமே இல்லை, அழுக்குத் துணியைத்தான் எண்ணுவார்கள். என்ன பிழைப்போ. தம்பி வேறு எதையாவது போட்டுக்கொண்டு போயிருப்பான், சுரண்டிய தொட்டியைக் கழுவ வெந்நீர் திறக்க நேரமாகிவிட்டது என்றார்.

"அவன்கிட்ட இங்க மாத்துச் சட்டை ஏதுங்க? வெத்து உடம்போடயா வீட்டுக்குப் போவான்?"

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். அவள் கூடையைக் கவிழ்த்து, சீருடைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். அடியில் ஒன்று, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கிழிந்து கிடந்தது. காலையில் கம்பியில் மாட்டிக் கிழித்துக்கொண்டு வந்த வெல்டருக்கு வேறொன்று எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். எழுதி வைக்க மறந்தவளும் அவள்தான். அந்த ஒருவனே கூடையில் இரண்டு சீருடை போட்டிருக்கிறான். அப்படியானால் ஒருவன் இன்னும் கழற்றவே இல்லை.

தொட்டிக்கூடத்துக்கு ஓடினாள். நல்லவேளை, மேஸ்திரி அப்போதுதான் வெந்நீர்க் குழாயின் சக்கரத்தில் கைவைத்திருந்தார்.

"தெறக்காதீங்க," என்றாள். "கணக்கு தப்புங்க. தப்பு என்னோடதுதான். என் தம்பி உள்ள இருக்கான்."

மேஸ்திரியின் முகம் வெளுத்தது. சக்கரத்திலிருந்து கையை எடுக்காமல் அவளையே பார்த்தார். தொட்டி ஏற்கெனவே நிரம்பிவிட்டது, அவர் குழாயை மூடிக்கொண்டிருந்தார்.