அப்புச்சிக்கு நான் சொல்லிக்கொடுத்த எழுத்துகள்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒரு மாணவர் இருந்தார். வயது எழுபது. என் அம்மாவைப் பெற்ற அப்புச்சிதான் அவர்.

பொங்கலூர் பக்கம் அப்புச்சி வீட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். அப்பா லாரியோடு வடக்கே போனால் மாதம் ஒருமுறைதான் வருவார். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அம்மாவின் அண்ணனான மாமாவுக்குப் பிறவியிலேயே கைகால் இறுகி, நடக்க வராது. பேச்சும் குழறும், வீட்டாருக்கு மட்டும்தான் புரியும். நல்ல கனமான ஆள். அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பதும், குளிக்க வைப்பதும் அப்புச்சியின் வேலை.

அந்த வருஷம் அப்புச்சிக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. கொடியில் காய்ந்த அம்மாவின் சேலையைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்று உபசரித்தார். சேலை உட்காரவில்லை என்று வருத்தமும் பட்டார்.

அம்மாவின் கம்பெனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் முகாம் வைத்தார்கள். கோயமுத்தூர்க் கண் ஆஸ்பத்திரியும், பக்கத்து சர்ச்சும், இலங்கை அகதி முகாமிலிருந்த இளைஞர்களும் சேர்ந்து நடத்தியது. புரை இருப்பவர்களை அன்றைக்கே வேனில் கூட்டிப்போய், மூன்று நாள் வைத்து ஆபரேஷன் செய்து அனுப்புவார்களாம். அப்புச்சி மாட்டேன் என்றார். அம்மா விடவில்லை.

சனிக்கிழமை முகாமுக்காகக் கம்பெனி ஹாலைக் கூட்டப் போன அம்மாவோடு நானும் போனேன். சுவரில் கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை தொங்கியது. அதிலிருந்த எழுத்துகளை வரிசை மாறாமல் என் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு தேங்காய் பன்னுக்கு அப்புச்சியும் நானும் செய்துகொண்ட ஏற்பாடு அது. அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து வரியையும் அவர் தலைகீழாக ஒப்பித்தார். எங்கள் வகுப்பில்கூட அப்படி ஒரு ஆள் கிடையாது.

மறுநாள் பரிசோதனை செய்தவர் அகதி முகாமைச் சேர்ந்த ஒரு அண்ணன். அவருக்கு ஒரு கால் செயற்கைக் கால். சிமெண்டுத் தரையில் டக் டக்கென்று நடப்பார். அப்புச்சி பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கேட்பதற்கு முன்பே முழங்க ஆரம்பித்துவிட்டார். நாலாவது வரியில் அண்ணன், "காணும் ஐயா" என்றார்.

அவர்கள் பேச்சில் அதற்குப் போதும் என்று அர்த்தம். அப்புச்சிக்கோ காணோம் என்று காதில் விழுந்தது. பதறிப்போய், "காணாமயெல்லாம் போகலீங்க, நல்லாத் தெரியுதுங்க" என்று சொல்லி ஐந்தாவது வரியையும் முடித்தார்.

அண்ணன் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அது கலண்டர். எழுத்து இந்தப் பக்கம் இருக்கு."

ஜன்னல் வெயில் பட்டதென்று அட்டையைக் காலையில் இடம் மாற்றியிருந்தார்கள். ஆசிரியையான எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஆபரேஷன் என்றால் பயமா என்று கேட்டார். பயம்தான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"பயமெல்லாம் இல்லீங்க தம்பி" என்றார் அப்புச்சி. "மூணு நாளைக்கு எம்பையனை ஆருங்க தூக்கி உக்கார வெக்கிறது?"

அண்ணன் மாமாவுக்கு என்ன, வீடு எங்கே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் வந்து நிக்கிறன் ஐயா. அவரோட கதைச்சுக்கொண்டிருந்தா மூண்டு நாள் போறதே தெரியாது" என்றார். அப்புச்சி வேனில் ஏறினார்.

கதைப்பது என்றால் கதை சொல்வது என்று நினைத்து, தெருப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். கதை ஒன்றும் வரவில்லை. அண்ணனும் மாமாவும் சும்மா பேசிக்கொண்டே இருந்தார்கள். முதல் நாள் மாமா சொன்னதை நான் அண்ணனுக்கு எடுத்துச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் மாமா சொன்ன ஒன்று எனக்கே புரியாமல், அண்ணன் எனக்கு எடுத்துச் சொன்னார்.

செயற்கைக் காலை வைத்துக்கொண்டு அண்ணன் எப்படித் தூக்குவார் என்று அம்மாவுக்கு ஒரே கவலை. அவர் வழுவழுவென்று இழைத்த ஒரு பலகை கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே அதை வைத்து, "தூக்கத் தேவையில்லை அக்கா, சறுக்கினாக் காணும்" என்றார். மாமா ஒரே சறுக்கில் நாற்காலிக்கு வந்துவிட்டார். வந்தவர் வீடே அதிரச் சிரித்து, இன்னொரு தடவை என்றார். முதல் நாளே அது ஐந்து தடவை நடந்தது. பிள்ளைகள் கதையை மறந்துவிட்டுப் பலகைக்கு வரிசையில் நின்றார்கள்.

அப்புச்சி கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்ததும் அண்ணன் பலகை வைக்கிற பக்குவத்தை அவருக்குக் காட்டிக்கொடுத்தார். அப்புச்சியே வைத்துப் பார்த்தார். மாமா சுகமாகச் சறுக்கி வந்து உட்கார்ந்தார். அப்புச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மாமாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, உனக்கு எப்ப இப்பிடி நரைச்சுது?"

மாமா குழறலாக ஏதோ சொன்னார். "உங்களை விடக் குறைவுதானாம் ஐயா" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். அப்புச்சியும் சிரித்தார். சிரித்தபடியே பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடிக்குப் போனார்.

வெகுநேரமாக ஆளைக் காணாமல் நான் எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார், முகமெல்லாம் ஈரம். கண்ணில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்ததால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புச்சி மூஞ்சி கழுவுகிறார் என்று அம்மாவைக் கூப்பிடப் போனேன். அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு பிள்ளை. அவர் தண்ணியைத் தொடேல்லை."

தொட்டியைப் பார்த்தேன். நிஜம்தான், காலையிலேயே காலியாகிவிட்டிருந்தது. அப்புறம் முகம் எப்படி நனைந்தது என்று அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா கொடியிலிருந்து உலர்ந்த துண்டு ஒன்றை உருவி என் கையில் கொடுத்து அனுப்பினாள்.