முழங்காலுக்குக் கீழே ஒரு முடிச்சு

மாலை நான்கு மணி பத்து நிமிடம். அப்போதுதான் போனைப் பார்த்திருந்தேன். ஐந்தரை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் நான்கைந்து கொப்பிகளைத் திருத்திவிடலாம் என்று நினைத்துத் தலையை நிமிர்த்தினேன். மகள் கரையில் இல்லை. நீர்த்தேக்கத்தின் வெடித்த சேற்றில், கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள் என்பதும் சரியில்லை. முழங்காலுக்குக் கீழே அவள் இல்லை.

"அம்மா," என்றாள், சாதாரணமாக. "கால் வர மாட்டேங்குது."

எனக்கு ஒரே பிள்ளை. ஹட்டனிலிருந்து முக்கால் மணி நேர பஸ் தூரத்தில் உள்ள ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிக்கிறேன். கணவர் கொழும்பில் கடை வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருந்த மாதங்களில் மகளுக்கு மீன்பிடிப் பைத்தியம் பிடித்தது. போனில் எங்கோ ஒரு நாட்டு ஏரியில் யாரோ பாஸ் மீன் பிடிப்பதைப் பார்ப்பாள். தடி வளைவதை, ரீல் சுற்றுவதை, மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுவதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். எங்கள் தோட்டத்துக்குக் கீழே, பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கும் நீர்த்தேக்கத்தில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஏதோ வெளிநாட்டு மீன் விட்டதாக ஒரு பேச்சு உண்டு. அது பாஸ்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். பரீட்சைக் காலம் முழுவதும் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் சம்மதித்தேன், என் நிபந்தனைகளோடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும், நானும் கூட வருவேன், தண்ணீரில் இறங்கக்கூடாது, சாமான்கள் எல்லாவற்றையும் நான்தான் பார்த்து வாங்குவேன்.

ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் பின்பக்கம் தூண்டில் சாமான்கள் இருக்கும். முஸ்லிம் கடைக்காரரை நாங்கள் அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டும் பெயிண்டும் அவரிடம்தான் வாங்குகிறோம்.

"இந்தத் தடிய பாருங்க டீச்சர். இதுல லொறியக் கட்டி இழுக்கலாம்."

"நானா, பாஸுக்கு தடி ரொம்ப மெல்லிசாவும் இருக்கக்கூடாதுன்னு சொல்றாங்க," என்றாள் மகள்.

"எந்த ஊர்ல சொல்றாங்க?"

"அமெரிக்காவுல."

"அப்ப அங்கேயே போயி பிடிங்க மகள். நம்ம தண்ணில திலாப்பியாவும் கார்ப்பும்தான் இருக்கு. அதுகளுக்கு இங்கிலீசு தெரியாது."

அவர் சிரித்தார், மகளும் சிரித்தாள். நான் தடியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நூல் போகும் வளையங்களுக்குள் பஞ்சை விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும், பஞ்சு சிக்கினால் உள்ளே கீறல் இருக்கிறது, அந்தக் கீறலில் நூல் அறும் என்று எங்கோ வாசித்திருந்தேன். கைப்பையில் பஞ்சு கொண்டு போயிருந்தேன். எட்டு வளையங்களிலும் விட்டுப் பார்த்தேன். ஒரே துண்டாக இருந்த தடியை வேண்டாம் என்று சொல்லி, இரண்டாகக் கழற்றக்கூடியதை எடுத்தேன். பஸ்ஸில் கொண்டு போக வேண்டும், வீட்டில் வைக்க இடம் வேண்டும். இரண்டு பாதியும் சேரும் மூட்டைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். சுலபமாகக் கழன்றது, பிடித்துக்கொண்டது. ரீலைக் காதருகே வைத்துச் சுற்றினேன். மணல் அரைபடுவதுபோன்ற சத்தம் இல்லை. மீன் பலமாக இழுத்தால் நூல் அறாதபடி ரீல் தானாகவே கொஞ்சம் நூலை விடும் என்று நானா காட்டினார்.

"விட்டுக்கொடுக்கத் தெரிஞ்சதுதான் நல்ல ரீல் டீச்சர்."

கடைசியாகக் காலுக்கு. பக்கங்களில் ஓட்டை போட்ட ஒரு கன்வஸ் சப்பாத்தை எடுத்து மேசையில் வைத்தார். "தண்ணிப் பக்கம் போறவங்க கால்ல போடுறது ஒரு உதறல்ல கழண்டு வந்துரணும்."

"அட்டைக்கு?"

"அட்டை கொஞ்சம் ரத்தந்தானே குடிக்கும்."

நான் சிரிக்கவில்லை. விலை போகாத சப்பாத்தை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மலையில் மருந்தடிக்கிறவர்கள் போடும் முழங்கால் உயரக் கறுப்பு ரப்பர் பூட்ஸைக் கேட்டேன். காலில் ஆடாமல் இருக்கட்டும் என்று ஓர் அளவு சிறியதாக எடுத்தேன்.

பூட்ஸ் போட்டால் மட்டும் போதாது என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அட்டை மேலே ஏறி பூட்ஸின் வாய் வழியாக உள்ளே இறங்கும். ஆகவே உர பேக்கிலிருந்து நைலோன் நாடாவைக் கிழித்து, பூட்ஸின் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டுவோம். தேயிலைச் செடியில் மாட்டாதபடி முடிச்சைப் பின்பக்கம் வைப்போம். ஒவ்வொரு ஞாயிறும் வாசற்படியில் மகளை உட்காரவைத்து, அவள் முன்னால் குந்தியிருந்து கையைப் பின்னால் விட்டு நான்தான் கட்டினேன். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு முடிச்சு.

"ரத்தம் ஓடுறதுக்காவது எடம் வைங்கம்மா."

"அட்டை போற அளவுக்கு எடம் இருக்கக்கூடாது."

"அட்டைக்கு பயந்து கால வெட்டிப் போட்டுருவீங்க போல."

அன்று ஓர் அட்டைகூட இல்லை. இரண்டு மாதமாக மழை இல்லாமல் புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. காய்ந்த புல்லில் அட்டை இருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கட்டினேன். இப்போது பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் சப்பாத்து நாடாவைக் காட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கும்போது, நாடாவின் இரண்டு நுனிகளையும் பிடித்தபடி என் விரல்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. "டீச்சர், கட்டுங்க," என்று பிள்ளை சொல்கிறது. தொளதொளவென்று கட்டிவிடுகிறேன். பத்து அடி நடப்பதற்குள் அவிழ்ந்துவிடுகிறது. மறுபடியும் வருகிறார்கள்.

மழை இல்லாததால் நீர்த்தேக்கம் வற்றியிருந்தது. அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன தேயிலை மலையின் அடிக்கட்டைகள் மேலே தெரிந்தன. இத்தனை வருடம் கழித்தும், காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்ற ஆட்கள்போல வரிசை கலையாமல் நிற்கின்றன. பாஸ் மீன் கட்டைகளுக்கு அடியில்தான் பதுங்குமாம். மகள் தூண்டிலில் இரையாக மாட்டியிருந்த பிளாஸ்டிக் மீனை அந்தப் பக்கம் வீசினாள், அது ஒரு கட்டையில் சிக்கியது. நூலை அறுக்க மனம் வராமல், அதைக் கழற்றிக்கொண்டு வர இறங்கியிருக்கிறாள். சேற்றின் மேல் தோல் ஓடுபோலக் காய்ந்திருந்தது, பத்தடி வரை தாங்கியது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினேன். மூன்றாவது அடியில் என் காலும் போனது. அப்போதுதான் அவள் முதல் தடவையாகக் கத்தினாள்.

"வராதீங்க. நீங்களும் மாட்டிக்கிட்டா யாரு ஆள் கூப்பிடுறது?"

பின்வாங்கி, கரையின் கல்லில் வயிற்றை வைத்துப் படுத்துக் கையை நீட்டினேன். அவள் தடியை நீட்டினாள். நுனி கைக்கு எட்டியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். தடியின் மேல் பாதி கழன்று என்னோடு வந்தது. கடையில் நான் பார்த்துப் பார்த்து எடுத்த அந்த மூட்டு. அவள் கையில் மீதிப் பாதியும் ரீலும் இருந்தன. நான் நுனியை இழுக்க இழுக்க ரீல் கிர்ரென்று சத்தம் போட்டு நூலை விட்டுக்கொண்டே இருந்தது.

"பூட்ஸ விட்டுட்டு கால உருவு," என்றேன்.

"உருவ ஏலாதும்மா. கட்டியிருக்கே."

அந்த நிமிடம் வரை எனக்கு அது தோன்றவில்லை.

குனிந்து, முழங்கை வரை சேற்றுக்குள் கையை விட்டாள். கன்னம் சேற்றில் பட்டது. நெடுநேரம் தேடினாள். "முடிச்சு கெடைக்குது. நனைஞ்சு இறுகிப்போச்சு, அவுக்க முடியல." கையை எடுத்தபோது தொடை வரை இறங்கியிருந்தாள். அசைந்தால் இன்னும் இறங்கினாள்.

மேலே மலை உச்சியில் வானம் கறுத்துக் கிடந்தது. எங்களுக்கு மேல் ஒரு சொட்டும் விழவில்லை, ஆனால் அங்கே பெய்தது. ஓடை வழியாகத் தண்ணீர் வரத் தொடங்கியது. சத்தமே இல்லை. சேற்றின் வெடிப்புகளுக்குள் முதலில் நிறைந்தது. நான்கு நாற்பதுக்கு, பிளாஸ்டிக் மீன் சிக்கியிருந்த கட்டை மூழ்கியது.

போனில் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவுக்குப் போய்வர அரை மணி நேரம் ஆகும். ஞாயிறு என்பதால் மலையில் கொழுந்து எடுக்கிறவர்களும் இல்லை. அவளை விட்டுப் போக என் கால் எழவில்லை. கரை மேட்டில் ஏறி, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கூப்பிடுவார்களே, அப்படி இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவினேன். என் குரல் எதிர்க்கரையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. இன்றைக்கும் வகுப்பில் குரலை உயர்த்தினால் அது திரும்பி வருமா என்று ஒரு கணம் காத்திருக்கிறேன்.

எதிர்க்கரையில் ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தெரியும். லொறி டியூபில் உட்கார்ந்து வலை போடும் சிங்கள ஆள், அறுபது வயதிருக்கும். முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருக்கிறோம். முதல் நாளே மகளின் பூட்ஸைப் பார்த்து, "துவ, ஃபீல்ட் ஒபிசர் வேலைக்கா போற?" என்று தமிழிலேயே கேட்டுச் சிரித்தார். துவ என்றால் மகளே என்று அர்த்தம். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கால்சட்டையும் வெறுங்காலுமாகத் தண்ணீரில் இறங்குகிற மனிதர், அவரைப் பார்த்து நீயும் பழகிவிடாதே என்று அவர் காதில் விழும்படியே மகளிடம் சொன்னேன்.

இரண்டாவது தடவை கூவியபோது எதிர்க்கரையில் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது. கையில் இரண்டு பலகைத் துண்டுகளை வைத்துத் துடுப்புப் போட்டு வருவார். அது எவ்வளவு மெதுவாக வரும் என்று அன்றுதான் பார்த்தேன்.

நான் மறுபடி கல்லில் படுத்துக்கொண்டேன். தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்திருந்தது. குளிரில் அவள் தாடை அடித்துக்கொண்டது.

"அம்மா, என் இண்டெக்ஸ் நம்பர் தெரியும்தானே?"

"ஏன்?"

"ரிசல்ட் வந்தா நீங்களே பாத்துக்கங்க."

"வாய மூடு."

மூடிக்கொண்டாள். அதன்பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. பேசச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன், என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான். இப்போது அவள் அடுத்த அறையில் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தால்கூட நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன். "என்னம்மா?" என்கிறாள். "ஒண்ணுமில்ல," என்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவள் கேட்டதில்லை.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது அவர் வந்து சேர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. டியூபை அவள் மார்போடு சேர்த்துத் தள்ளினார். "உடம்ப இதுக்கு மேல போடு துவ. கால மறந்துரு." தானும் டியூபில் குப்புறப் படுத்து, தோள் வரை கையைத் தண்ணீருக்குள் விட்டார். அவர் முகம் பாதி மூழ்கியது. கை எதையோ தொட்டு நின்றது தெரிந்தது. இடுப்பிலிருந்து வலை அறுக்கும் சின்னக் கத்தியை எடுத்தார். மறுபடி முகம் மூழ்கியது. ஒரு கால் வந்தது, வெறுங்காலாக. அடுத்தது வர அதிக நேரம் எடுத்தது.

அவளைக் கரையில் போட்டபோது உதடு நீலமாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் வளையம் போட்டதுபோல ஒரு சிவப்புக் கோடு. நான் என் சால்வையால் அவளைச் சுற்றிக்கொண்டேன். பூட்ஸ் இரண்டும் அங்கேயே இருக்கின்றன, தண்ணீருக்கு அடியில், கட்டைகளின் வரிசையில்.

அவர் கையில் அறுந்த நாடா ஒன்று இருந்தது. முடிச்சு இன்னும் குலையாமல் அதில் இருந்தது. விரலால் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இது கட்டினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "நான்தான் மாமே."

அவர் முடிச்சைப் பார்த்தார். பிறகு, அவளைச் சுற்றியிருந்த என் கைகளைப் பார்த்தார். நாடாவை என் மடியில் வைத்துவிட்டு, கோபமில்லாத குரலில் அவளிடம் சொன்னார்:

"முடிச்சு காலுக்குப் பின்பக்கம் இருந்திச்சு துவ. தன் காலுக்கு தானே இவ்வளவு இறுக்கமா கட்ட ஏலாது."