வரும்போதே இருந்த கறைகள்

நாற்பத்தொரு வயதில் கல்லூரிக்குப் போகிறவளைச் சும்மா விடுவார்களா? மழலையர் பள்ளியில் பதினான்கு வருடமாகப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடும் உதவியாளர் அவள். ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த அன்றே வீட்டுக்காரர் அவள் பெயரையே மாற்றிவிட்டார். "டீச்சர், என் சட்டை எங்க?" "டீச்சர், உப்பு கம்மி." அவர் மின்சார வேலை பார்க்கிறவர். எதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று நன்றாகத் தெரியும், ஆனாலும் தொடுவார்.

வருகிற ஜூனில் பள்ளியின் மழலை வகுப்பு ஆசிரியை ஓய்வு பெறுகிறார். பயிற்சியை முடித்தால் அந்த வகுப்பு உனக்குத்தான் என்று தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். மீதம் இருந்தது ஒரே ஒரு கட்டுரை. 'நான் எழுதப் படிக்கக் கற்ற கதை', ஐந்து பக்கம், சொந்த அனுபவம். அட, இதென்ன பெரிய விஷயம் என்று உட்கார்ந்தவள், ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். ஜன்னலில் மழை. அலமாரி நிறையப் புத்தகம். மடியில் படுக்கவைத்துத் தினமும் கதை படித்துக் காட்டும் அம்மா. எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது என்றால் பாருங்கள்.

விரிவுரையாளருக்குக் கலங்கவில்லை. அவளைவிடப் பத்து வயது சின்னப் பெண்மணி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருத்துகிறவர். "அழகாக இருக்கிறது. ஆனால் இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? திங்கட்கிழமைக்குள் மறுபடி எழுதுங்கள். இதுவே கடைசி வாய்ப்பு" என்று சிவப்பில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தாளைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் சலவைக்கடைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் அந்த மனிதர் எழுத விடமாட்டார். அம்மா இஸ்திரிப் பெட்டியை நகர்த்தியபடியே கேட்டாள்.

"என்னடி அது, பேப்பரும் கையுமா?"

"எப்படிப் படிக்கக் கத்துக்கிட்டேன்னு எழுதணும்மா. எழுதினேன், எங்க மேடம் திருப்பிட்டாங்க."

"படி, கேப்போம்."

படித்தாள். மழை வந்தது, அலமாரி வந்தது, மடியும் வந்தது. அம்மா ஒரு காலரை முடித்து அடுத்ததை எடுத்தாள்.

"ரொம்ப நல்ல பொம்பளையா இருக்காளே. யாருடி அவ?"

"அம்மா..."

"இல்ல, கேக்குறேன். அவ மடியில வச்சுக் கத படிச்சுக்கிட்டு இருந்தப்போ கடைய யாரு பாத்துக்கிட்டா? யாருக்குடி காது குத்துற?"

மகள் சிரித்துவிட்டாள். பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா தேய்த்த காலரையே திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கத தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சா?" என்றாள்.

ஆமாம், வெட்கமாகத்தான் இருந்தது. அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. அந்தக் கடையில் படிக்கக் கிடைத்ததெல்லாம் துணியில் குத்துகிற சீட்டுதான். துணி வந்தவுடன் அம்மா அதை விரித்துப் பிடித்து, என்னென்ன குறையோடு வந்திருக்கிறது என்று சீட்டில் எழுதி ஊக்கால் குத்துவாள். 'மைக்கறை, இடது கை, வரும்போதே.' 'பொத்தான் ஒன்று இல்லை, வரும்போதே.' நாளைக்கு யாரும் வந்து நீதான் கெடுத்தாய் என்று சண்டைக்கு நிற்கக்கூடாது பாருங்கள். குறையே இல்லை என்று ஒரு சீட்டுகூட அவள் கையால் எழுதியதில்லை. "நல்லா தேடு, இருக்கும்" என்பாள்.

கல்லாமேசைக்கு அடியில் உட்கார்ந்து அந்தச் சீட்டுகளைப் பார்த்தே மகள் எழுத்துக் கூட்டினாள். பள்ளியில் முதல் நாள், தெரிந்ததை எழுது என்றார்கள். மற்ற பிள்ளைகள் அம்மா, அப்பா என்று எழுதின. இவள் 'கிழிசல், வரும்போதே' என்று எழுதினாள். யாரைச் சொல்கிறாள் என்று ஆசிரியை பதறி அம்மாவுக்கு ஆள் அனுப்பியது தனிக் கூத்து.

ஒன்பது வயதில் அதே வித்தையைத் தப்பாகவும் பயன்படுத்தினாள். ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைக் கோட்டில் மையைக் கொட்டிவிட்டு, 'மைக்கறை, வரும்போதே' என்று சீட்டு எழுதிக் குத்திவிட்டாள். அம்மா கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். அடிக்கவில்லை. வாடிக்கையாளர் வந்ததும் இவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இது வரும்போது இல்ல சார். என் பொண்ணு கொட்டினது" என்றாள். அன்றைக்கு இவளுக்கு உயிரே போய்விட்டது.

"சீட்டு, கோட்டு, இதையெல்லாமா எழுதுறது?" என்றாள் மகள் இப்போது.

"பின்ன? கறைய மறைச்சா துணி யாரோடதுன்னு எப்படித் தெரியும்?"

அங்கேயே கல்லாமேசையில் உட்கார்ந்து எழுதினாள். கிழிசல், கோட்டு, அம்மாவின் மூன்றாம் வகுப்பு, மடியில் கதை கேட்டதாக விட்ட கப்சா, எல்லாமும். முடித்துப் படித்துக் காட்டியபோது அம்மா கையை நீட்டினாள். தாளை வாங்கி, வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தாள். ஒரு சீட்டை எடுத்து என்னவோ எழுதி, இரண்டாக மடித்து மூலையில் குத்தினாள்.

"பிரிக்காத. அந்த மேடம் பாக்கட்டும்."

திங்கட்கிழமை விரிவுரையாளர் ஐந்து பக்கத்தையும் அவள் எதிரிலேயே படித்தார். நடுவில் இரண்டு முறை சிரித்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டு, "பாஸ். ஜூன்ல உங்க வகுப்பைப் பாக்க வருவேன்" என்றார். அப்புறம்தான் மூலையில் இருந்த சீட்டைக் கவனித்தார். ஊக்கை எடுத்துப் பிரித்து, கோணல்மாணலான எழுத்தை நிதானமாக வாசித்தார்.

"மகள். வாய் நீளம், வரும்போதே. வேறு பழுது இல்லை."

அவள் குழந்தை மாதிரி ஓவென்று அழுதுவிட்டாள். ஐயோ பாவம், விரிவுரையாளர் பதறிப்போய்த் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். கண்ணைத் துடைக்க வாங்கியவள் முதலில் அதை விரித்துப் பிடித்தாள்.

"மேடம், வலது மூலையில மைக்கறை. வரும்போதே இருந்துச்சு, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் துடைத்தாள்.