கேட்டுக்கு எதிரே நின்ற வெள்ளிக்கிழமைகள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன் என் மகள் பத்தாம் வகுப்பு படித்தாள். அரைப் பரீட்சையில் கணக்கில் பத்தொன்பது. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். நான் ஆஸ்டின் டவுனில் ஒரு பெயிண்ட் கடையில் டின் தூக்குகிறவன். கடைக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்படுவேன். அவளுடைய வாத்தியாரைப் போய்ப் பார்த்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கலாம். அதற்குத் தைரியம் வரவில்லை. மகளை மிரட்ட மட்டும் தைரியம் இருந்தது.

பயந்தால் படிப்பாள் என்று நினைத்தேன். எங்கள் கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பள்ளி விட்டதும் அவளை அழைத்துப் போய், பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி கேட்டுக்கு எதிரே நிறுத்தினேன். என் மனைவி அங்கேதான் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் பெண்கள் வரிசையாக வந்தார்கள். காவல்காரம்மா ஒருத்தி ஒவ்வொரு பையையும் கவிழ்த்து, இடுப்பைத் தடவி, முந்தானையை உதறச் சொன்னாள். துணி திருடியிருக்கிறார்களா என்று பார்ப்பார்களாம். தாமதித்தவர்களை, "பேக பாரம்மா", சீக்கிரம் வாம்மா என்று கன்னடத்தில் விரட்டினாள்.

"நல்லா பாரு" என்றேன். "முப்பத்தஞ்சு வாங்கலன்னா உன்னையும் தினம் இப்படித் தடவித்தான் வெளிய வுடுவாங்க."

"அதோ அம்மா வர்றாங்கப்பா."

"அதுக்குத்தான் கூட்டியாந்தேன்."

என் மனைவியின் டிபன் பாக்ஸைத் திறந்து தட்டிப் பார்த்து அனுப்பினார்கள். எங்களைக் கண்டதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எங்க வூட்டுக்காரரு, எம் பொண்ணு. என்னக் கூட்டிம்போவ வந்துக்கிறாங்க" என்று கூட வந்தவர்களிடம் சொன்னாள். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் வேகவைத்த கடலை வாங்கிக் கொடுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் வாங்கிக் கொடுத்தாள். பவுடர் பூசிக்கொண்டு வேறு வந்திருந்தாள்.

மூன்றாவது வாரம் கடலையை உரித்தபடியே மகள் சொன்னாள். "உன்னக் கூட்டிம்போவ வர்லம்மா. ஃபெயிலானா உன்ன மாதிரி ஆயிடுவேன்னு காட்டறதுக்குக் கூட்டியாறாரு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். "அப்படியா" என்றாள். பிறகு மகளிடம், "சரியாத்தான் காட்டறாரு. படி" என்றாள்.

அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நான்காவது வாரமும் போய் நின்றேன். கேட்டைச் சாத்தும் வரை அவள் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பினால், சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கமாக வந்துவிட்டாளாம்.

பரீட்சைக்கு முந்தின வாரம் மகளுக்கு எதைத் தின்றாலும் வாந்தி. தூக்கத்தில் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னாள். பயம் வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளூரத் திருப்தி. கணக்கில் முப்பத்தெட்டு வாங்கித் தேறினாள். மனைவி தன் தையல் லைனில் இருந்த அத்தனை பேருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்து பி.யு.சி., அதாவது பதினொன்றாம் வகுப்பு, சேருவதற்கான ஃபாரம். தரையில் வைத்து மகளே இங்கிலீஷில் நிரப்பினாள். எங்கள் இருவருக்கும் அது படிக்க வராது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி ஏறிய விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா இன்னா வேலைன்னு கேட்டுக்கிறானா?" என்றாள்.

"உம்."

"இன்னா எழுதுன?"

மகள் தலை நிமிரவில்லை. "ஹவுஸ் ஒய்ஃப்னு எழுதிட்டேன். வூட்லதான் கீறாங்கன்னு."

மனைவி அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "எழுத்து அழகா கீது" என்றாள்.

மகள் ஃபாரத்தை என் பக்கம் தள்ளினாள். தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். போட்டேன்.

2007 ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை.