முதல் நான்கு வரிகள்

குணமாலாவின் கவிதை வகுப்பில் ஒரு விதி உண்டு. எழுதி முடித்ததும் முதல் நான்கு வரிகளை அடித்துவிட வேண்டும். "அதுல நீங்க இருக்க மாட்டீங்கமா. கும்பிடு போட்டுக்கினு நிப்பீங்க," என்பாள். இந்த ஊர்க் கவியரங்கங்களில் தலைவரைப் புகழ்ந்து நான்கு வரி பாடாமல் யாரும் தம் கவிதைக்குள் நுழைவதில்லை. அந்தக் கும்பிடு தாளிலும் தொற்றிக்கொண்டுவிடும்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஜினகாஞ்சியில் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். தமிழாசிரியை, இரண்டு கவிதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. பெண்களுக்கு எழுதச் சொல்லித்தர இடம் தேடி அலைந்தபோது, "எழுதி என்னமா ஆவப்போவுது?" என்பதுதான் எல்லா வாசலிலும் கிடைத்த பதில். கடைசியில் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை வேலாயுதம் தம் கடை மாடியைத் திறந்துவிட்டார். வாடகை வேண்டாம், ஆண்டு விழாவுக்குத் தாம்தான் தலைவர் என்றார். செவ்வாய்க்கிழமையில் யாரும் கல்யாணப் பட்டு எடுக்க வரமாட்டார்கள். அதனால் அன்று மாலை வகுப்பு. அந்த மூடநம்பிக்கை ஒன்றாவது கவிதைக்கு உதவட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத குடும்பம் அவளுடையது. வகுப்பு நாளில் பட்டினிதான்.

வகுப்புக்கு வரும் ஜோதிகா அதே கடையில் புடவை எடுத்துக் காட்டும் பெண். விபத்தில் கணவனை இழந்தவள். முகூர்த்தப் புடவைக்குக் கல்யாண வீட்டார் படியேறினால், மேற்பார்வை பார்க்கும் கலியன் கண்ணைக் காட்டுவார். அவள் எழுந்து பின்னறைக்குப் போய்விட வேண்டும். பட்டுக்குத் தீட்டே இல்லை என்று பேசும் ஊர் இது. இவள் கை பட்டால் மட்டும் அது கெட்டுவிடுமாம்!

"பார்த்ததை எழுது," என்றாள் குணமாலா. ஜோதிகா எழுதினாள்: பின்னறைக்குள் வந்து விழும் கல்யாணச் சிரிப்பு, தான் மடித்து வைத்த புடவையை வேறொருத்தி விரிக்கும் சரசரப்பு. முதல் நான்கு வரிகளை அடித்துவிட்டுப் படித்தாள். தன் இரண்டு தொகுப்புகளும் வெளிறிப்போனதுபோல் இருந்தது குணமாலாவுக்கு. விழா மலரில் அதையே முதலில் வைத்தாள்.

வேலாயுதம் அச்சுக்குப் போகுமுன் பார்த்தார்.

"நல்லா எழுதிக்கிறா குணமாலாமா. ஆனா நம்ம கடைன்னு தெரியுது பாருங்க. மேல 'அந்தக் காலத்தில்'னு ஒரு வரி போட்டுடுங்க."

"இது போன வாரம் நடந்ததுங்க."

"அப்போ எடுத்துடுங்க. மாடியை வேற ரிப்பேர் பண்ணணும்னு கலியன் சொல்லிக்கினே இருக்கான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

குணமாலா ஜோதிகாவைப் படிக்கட்டில் பிடித்தாள். "உள்ளபடியே படி. நான் உன்கூட இருக்கேன்."

"எங்க மிஸ் இருப்பீங்க, மாடியிலயா?" என்றாள் ஜோதிகா. "உங்களுக்குப் போனா கிளாஸ். எனக்குப் போனா சோறு. நீங்கதான எழுதச் சொன்னீங்க, நீங்களே சொல்லுங்க."

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கவிதையை எடுத்தால் அது செத்தது. அப்படியே விட்டால் இந்தப் பெண் தெருவில் நிற்பாள், மற்றப் பெண்களும் அவரவர் அடுப்படிக்குத் திரும்புவார்கள். குணமாலா பேனாவை எடுத்தாள். 'அந்தக் காலத்தில்' என்று தன் கையாலேயே எழுதினாள்.

விழா, நல்ல நாள் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை மாடியிலேயே நடந்தது. ஒலிபெருக்கி முன் வந்த ஜோதிகா, தலைவரைப் பார்த்துக் கைகூப்பினாள். 'பட்டுக்குப் புகழ் சேர்த்த வள்ளலே' என்று தொடங்கி நான்கு வரிகள், தடங்கலே இல்லாமல். பிறகுதான் கவிதை. பட்டுடுத்திய பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அந்தக் காலத்துல பொம்பளைங்க என்னா பாடு பட்டுக்கிறாங்க பாரு!" என்றாள் ஒருத்தி. வேலாயுதம்தான் உரக்கக் கைதட்டினார்.

கூட்டம் கலைந்தபின், "அந்த நாலு வரி எதுக்குடி?" என்று குணமாலா கேட்டாள்.

"ஒண்ணு நீங்க போட்டீங்க மிஸ். நாலு நான் போட்டுக்கினேன்."

படியில் கலியனின் தலை தெரிந்தது. கண்ணைக் காட்டினார்.

"கீழ கல்யாண வீடு வந்துக்கிறாங்க," என்றாள் ஜோதிகா. "அவங்க போற வரைக்கும் நான் எறங்கக் கூடாது. நீங்க கிளம்புங்க மிஸ், பொழுதோட சாப்பிடணும்ல."

கீழே யாரோ சிரித்தார்கள். புடவை ஒன்று விரியும் சத்தம் கேட்டது. சன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே போயிற்று. குணமாலா எழுந்திருக்கவில்லை.