நடுவில் கிடக்கும் கால் பங்கு

நான் வாழும் நெதர்லாந்தில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் போதாது. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் இருக்கும் அம்மா, அண்ணன், அக்கா எல்லோருடைய கையையும் குலுக்கி "ஹெஃபெலிசிதேர்த்" சொல்ல வேண்டும். உங்கள் தங்கைக்கு ஒரு வயது கூடியதற்காக உங்களுக்கு வாழ்த்து. வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அப்படியொரு விழாவுக்குக் கிளம்பும்போதுதான் ஊரிலிருந்து கோர்ட் நோட்டீஸின் படம் கைபேசிக்கு வந்தது. என் முகத்தைப் பார்த்து, கூட வேலை செய்யும் மரைக்கா என்னவென்று கேட்டாள். "என் அக்கா என்மேல் வழக்குப் போட்டிருக்கிறாள்" என்றேன். "அவளுக்கு நீ என்ன செய்தாய்?" என்றாள். ஒன்றும் செய்யவில்லை, அக்காவுக்கு என்மேல் ரொம்பப் பாசம் என்றேன். அவள் என் தோளைத் தொட்டுவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை. நான் எதையோ மறைப்பதாக நினைத்திருப்பாள்.

அக்காவின் வழக்கு உண்மையில் அண்ணன் மீதுதான். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் தாத்தா காலத்து நிலம் இருக்கிறது. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டார்கள். இப்போது பௌர்ணமிக்கு வரும் கூட்டத்தால் அந்த மண்ணுக்கே மதிப்பு வேறு. அப்பா இறந்த பிறகு, முழு நிலத்தையும் அண்ணன் சேகருக்கே உயில் எழுதியிருந்தது தெரிந்தது. மலர் அக்கா கீழ்பென்னாத்தூரில் வாடகை வீட்டில் ஜாக்கெட் தைத்து இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள். அத்தான் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பிறப்பிலேயே பங்குண்டு, அப்பா தன் பங்கைத்தான் உயிலில் எழுத முடியும் என்று வக்கீல் அவளிடம் சொல்லியிருக்கிறார். பாகப்பிரிவினை வழக்கில் பங்குள்ள எல்லோரையும் சேர்த்தாக வேண்டும் என்பதால் நானும் பிரதிவாதி ஆனேன்.

"உம்மேல கோவம் இல்ல பாப்பா. அப்டித்தான் போடணும்னு வக்கீல் சொன்னாரு" என்றாள் அக்கா போனில்.

அண்ணனையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. அப்பாவுக்குக் கைகால் விழுந்த பிறகு அவரைத் தூக்கி உட்கார வைத்ததும், குளிப்பாட்டியதும், படுக்கைத்துணி மாற்றியதும் அவன்தான். நான் அதையெல்லாம் வீடியோ காலில் பார்த்தேன். ஒருநாள் அப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டே, "நீ சாப்ட்டியா?" என்று என்னைக் கேட்டான். 

விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் ஆங்கிலத்தில், எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். இது என் ஊர் என்றேன். நான் தத்துவம் பேசுவதாக எடுத்துக்கொண்டு கைகூப்பினார்.

மூவரும் வக்கீலின் அறையில் உட்கார்ந்தோம். நான் என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தை அண்ணன் தயாராகக் கொண்டுவந்திருந்தான்.

"நீ அங்கியே செட்டில் ஆயிட்ட. இந்த மண்ண வெச்சிக்கினு என்னா பண்ணப்போற? எனக்கு எழுதிக் குடுத்துடு. ரூம் கட்டறதுக்குப் பேசி வெச்சிருக்கேன்."

"எழுதிக் குடுக்கறதுனா எனக்குக் குடுக்கட்டும்" என்றாள் அக்கா. "எனக்குத்தான் வூடு இல்ல."

"அப்பாவ யாரு பாத்துக்கினா?"

"நான் வந்தா வாசல்லியே நிக்க வெச்சி அனுப்பனது யாரு?"

பங்கு வேண்டாம் என்று சொல்லத்தான் விமானம் ஏறியிருந்தேன். யாருக்கு விடுவது என்பது மட்டும்தான் குழப்பமாக இருந்தது. ஆனால் எனக்கு அது தேவையா என்று அந்த அறையில் யாருமே கேட்கவில்லை. என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிதாக இருந்தது.

"எனக்கும் வேணும், அண்ணா."

அண்ணன் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அவள்மேல் வழக்குப் போட்டது நான்தான் என்பதுபோல் இருந்தது.

கடைசியில் சமரசத்தில் முடிந்தது. அப்பாவின் பங்கும் சேர்ந்து அண்ணனுக்குப் பாதி. எங்களுக்குக் கால், கால். பக்கத்தில் பக்கத்தில் இருக்க அண்ணனும் அக்காவும் ஒப்பவில்லை. அதனால் சர்வேயர் என் பங்கை நடுவில் விட்டுக் கல் நட்டார். அவர்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை. "அவள மாட்ட அந்தாண்ட கட்டச் சொல்லு" என்று அண்ணன் எனக்குச் சொல்வான். நான் இங்கிருந்து அக்காவுக்குச் சொல்வேன். அவள் பதிலையும் நானே திருப்பிச் சொல்வேன்.

சென்ற பௌர்ணமிக்கு அக்கா ஓலைக் கொட்டகை போட்டு டீ விற்றிருக்கிறாள். அண்ணன் தன் பக்கத்தில் வண்டிகளை நிறுத்த இடம் விட்டிருக்கிறான். நடுவில் கோரைப்புல் இடுப்பளவு நிற்கிறதாம். டீ குடித்த யாரோ, இது யாருடையது என்று கேட்டாராம்.

"எந்தங்கச்சிதுனு சொன்னேன்" என்றாள் அக்கா. "அந்தாண்ட உங்கண்ணனயும் ஒருத்தரு கேட்டாரு. எனக்குக் கேக்கற மாதிரிதான் சொன்னான்" என்றாள்.

"என்னன்னு?"

"அதுக்கு ஆள் இல்லீங்கனு."